தயிருக்குப் பக்கத்தில் ஓர் ஏரி

“மேடம், இது எந்த ஏரி?”

லேப்காரர் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது பாசி மேடம், ஓடை வந்து ஏரியில் சேரும் இடத்தில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் ஒரு கட்டு நாணல் நாற்று. வலது கை முழுக்கச் சேறு. செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். அது நழுவி விழுந்தால் எடுக்கக் கை கிடையாது என்பதால் கழுத்தை அசைக்காமல் பேசினாள்.

“எந்த ஏரின்னா? நம்ம ஏரிதான். பாட்டில் மேல எழுதி ஒட்டியிருக்கேனே.”

“எழுத்தைப் பார்த்தா நம்ம ஏரிதான். தண்ணியைப் பார்த்தாத்தான் சந்தேகமா இருக்கு.”

“ஏன், ஜாஸ்தியா இருக்கா?”

“பாசியா? பாசியே இல்ல.”

“இல்லையா!”

“அவசரப்படாதீங்க. பாசி மட்டும் இல்லைன்னா நானே பஸ் ஏறி வந்து உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். இதுல எதுவுமே இல்ல மேடம். ஒரு பூச்சி பொட்டு கிடையாது. ஏரித் தண்ணி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சா சந்தைக்கடை மாதிரி இருக்கணும். ஒண்ணு ஓடும், ஒண்ணு உருளும், ஒண்ணு இன்னொண்ணைத் தின்னும். இது லீவு நாள் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு. மூடியைத் திறந்தா குளோரின் வாசனை வேற. உங்க ஊர்ல யாராவது ஏரிக்குள்ள குளோரின் கொட்டினாங்களா?”

குளோரின் வாசனை என்றால் குழாய்த் தண்ணீர் என்று பாசி மேடத்துக்குச் சட்டென்று பட்டது.

“எனக்கென்ன, எண்ணிப் பார்த்துச் சொல்றதுதான் வேலை. எண்ணினேன், சைபர். பாசி இல்லைன்னு எழுதிக் கொடுத்தா அது பொய்யும் இல்ல. ஆனா ஏரின்னு எழுதத்தான் கை வர மாட்டேங்குது. நீங்க யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள மேல அனுப்பணும்.”

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு கரையேறி, நாற்றுக் கட்டைத் தண்ணீர் ஓரமாகவே வைத்துவிட்டு அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். சனிக்கிழமை தன் கையால்தான் அந்த பாட்டிலை நிரப்பினாள். படகிலிருந்து குனிந்து, பாட்டிலைக் கவிழ்த்து, முழங்கை நனையும் ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி, தண்ணீர் குடகுடவென்று ஏறுவதைப் பார்த்து எடுத்தது. அதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவளுடைய பதவிக்குத் துறையில் வைத்திருக்கும் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நீர்நிலை, கண்காணிப்பு, தடுப்பு, கள ஆய்வு என்று நீண்டுகொண்டே போகும். வந்த புதிதில் ஏரிக்கரையில் இருக்கிறவர்கள் அதையெல்லாம் சுருட்டிப் போட்டுவிட்டுப் பாசி மேடம் என்றார்கள். முதலில் கேலியாகத்தான். இப்போது அவளே போனை எடுத்தால் “பாசி மேடம் பேசறேன்” என்கிறாள். வேலையும் அப்படித்தான், தண்ணீர் மொள்வதோடு முடிகிற வேலையில்லை. மழைக்கு முந்தின நாள் வயலில் உரம் போடாதீர்கள் என்று கேட்டு நடந்தாள். ஓட்டல்காரர் ஏரிக்குள் விட்டிருந்த கழிவுக் குழாயைத் திருப்ப வைத்தாள். ஓடை கொண்டுவரும் உரச் சத்தைக் குடித்துக்கொள்ள நாணல் நட்டாள். ஆழமில்லாத மூலையில் தண்ணீரைக் கிளறிவிட ஒரு காற்று மிஷின் ஓடுகிறது. அது போடுகிற சத்தத்துக்குக் கரையில் அதன் பெயர் ‘குறட்டை’. இவ்வளவு செய்தும் இந்தக் கோடையில் வெயில் ஏறியதும் நீலப்பச்சைப் பாசி வந்துவிட்டது. முன்னே மாதிரி கரையிலிருந்து கரை வரை பெயிண்ட் கொட்டினாற்போல இல்லை, ஒரு மூலையில் மட்டும் படர்ந்தது. ஆனாலும் விஷம் விஷம்தான். படகுத்துறையில் இருக்கிற பலகையைச் சிவப்புக்குத் திருப்பி அவளே பூட்டினாள். இனி சில நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்த தண்ணீர் சுத்தமாக வந்தால்தான் பலகை பச்சைக்குத் திரும்பும். முதல் முறை சுத்தமாக வந்துவிட்டது.

இரண்டாவது முறைக்குத்தான் பாப்பாவால் அவசரம் வந்தது.

பாப்பா அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, இன்னும் பாப்பாதான். ஏரிக்கரையில் வாடகைப் படகு விடுகிறாள். பலகை சிவப்பானதிலிருந்து படகுகள் எல்லாம், கழுவி வைத்த பாத்திரங்கள் மாதிரி, கரையில் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. போன வாரம் வீட்டுக்கு வந்தவள், ஏதோ உப்பைக் கொஞ்சம் தள்ளுங்கள் என்கிற மாதிரி, “புதன்கிழமை காலையில ஒரு ஆள் வர்றாரு அண்ணி. மொத்தப் படகையும் எடுத்துக்கறாராம்” என்றாள். அவளுடைய அண்ணன் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. “ஏரி திறந்துடும் பாப்பா.” “திறந்தா விக்க மாட்டேன். திறக்கலைன்னா என்னை என்ன பண்ணச் சொல்றே? சீசன் முடியப் போகுது.”

வழக்கப்படி திங்கட்கிழமை தண்ணீர் எடுத்தால் செவ்வாய் லேப்புக்குப் போய், புதன் சாயங்காலம் பதில் வரும். காலையில் வருகிற ஆளுக்குச் சாயங்காலப் பதிலால் என்ன பிரயோசனம்? அதனால் பாசி மேடம் சனிக்கிழமையே எடுத்தாள். லேப் சனி, ஞாயிறு மூடியிருக்கும். அலுவலகத்து ஃபிரிட்ஜோ செத்துப்போய்ப் பல மாதமாகிறது, அதற்குள் இப்போது பழைய ஃபைல்கள் இருக்கின்றன. ஆகவே பாட்டிலைக் கறுப்புக் கவரில் சுற்றி வீட்டு ஃபிரிட்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “இதை யாரும் தொடக் கூடாது” என்று சொல்லியும் வைத்தாள். வீட்டில் இருப்பது அவளும் கணவரும்தான். நேற்று, திங்கட்கிழமை காலையில், துறை வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாப்பா சாப்பிட வந்திருந்தாள். “குளிர்ந்த தண்ணி இருக்கா அண்ணி?” என்று கேட்டுக்கொண்டே தானாகச் சமையலறைக்குள் போனாள். ஃபிரிட்ஜ் திறந்த சத்தம் கேட்டது. மூடிய சத்தம் சட்டென்று கேட்கவில்லை. “அந்தக் கறுப்பு கவர்தானா அது?” என்று உள்ளிருந்தே கேட்டாள். “அதேதான், தொட்டுடாதே” என்று இவள் கூடத்திலிருந்து சொன்னாள். கல்லின் மேல் உட்கார்ந்து, மூடாமல் நின்ற அந்த ஃபிரிட்ஜ் கதவைப் பற்றி யோசிக்க யோசிக்க, பாசி மேடத்துக்குக் கதவு அகலமாகத் திறந்துகொண்டே போனது.

படகுத் துறையில் பாப்பா கவிழ்த்த படகு ஒன்றுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

“விக்கிற சாமானுக்கு எதுக்கு பெயிண்ட்?”

“போற இடத்துல என் பேரு கெடக் கூடாதுல்ல?” பாப்பா திரும்பிப் பார்த்தாள். “என்ன அண்ணி, எருமை மாதிரி சேத்தோட வந்து நிக்கறீங்க?”

“பாப்பா, ஞாயித்துக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தியே...”

“திறந்தேன். தண்ணி குடிச்சேன். அதுக்கும் பில்லு போடப் போறீங்களா?”

“அந்தக் கவரைத் தொட்டியா?”

பிரஷ் நின்றது. “எதுக்குக் கேக்கறீங்க?”

“பாட்டில்ல இருக்கறது ஏரித் தண்ணி இல்லையாம். குழாய்த் தண்ணியாம். யாரோ மாத்தியிருக்காங்க.”

பாப்பா பிரஷை டப்பாவின் மேல் குறுக்காக வைத்தாள். அது வழுக்கி உள்ளே விழுந்தது, அதை எடுக்கவில்லை.

“நான் மாத்தினேன்னு சொல்றீங்க.”

“சொல்லலை. கேக்கறேன்.”

“இப்படி வந்து நின்னு கேக்கறதுக்கும் சொல்றதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல அண்ணி.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்க இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, கறுப்பும் வெள்ளையுமா ஒரு நாய்க்குட்டி. என் படகுலதான் ஏறிச்சு. மூக்கை வெளியில நீட்டிக்கிட்டு, ஏதோ அதுதான் ஓட்டற மாதிரி வந்துச்சு. கரையில இறங்கி நாலு வாய் பாசித் தண்ணி குடிச்சுது. அவ்வளவுதான். அதை வளர்த்த பொண்ணு மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, அது காலை இழுத்து இழுத்து... நான் பக்கத்துல இருந்தேன். அன்னைக்கு உங்க டிபார்ட்மென்ட்டுக்கு மொதல்ல ஃபோன் போட்டது யாரு? ஏரிக்கெல்லாம் டாக்டர் கிடையாதும்மான்னு சிரிச்சான் ஒருத்தன். விடலையே நான். மறுபடி மறுபடி போட்டேன். இந்த ஊருக்கு இப்படி ஒரு வேலை வந்ததே அதனாலதான், நீங்க அதுக்கு வந்ததும் அதனாலதான். அந்தப் பலகைக்குக் குழி தோண்டினது இந்தக் கை. நானா தண்ணியை மாத்துவேன்?”

பாசி மேடத்தின் கண் பாப்பாவின் கைக்குப் போனது. குழி தோண்டியபோது மண்வெட்டிக் காம்பு பட்டு பாப்பாவின் உள்ளங்கையில் கொப்புளம் போட்டதும், அதற்கு மருந்து தடவியது தான்தான் என்பதும் ஞாபகம் வந்தது. இது எப்படி மறந்தது? ஒரு ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் இவ்வளவும் எப்படி மறைந்துபோனது?

“போங்க அண்ணி” என்றாள் பாப்பா. “பெயிண்ட் காயுது.”

பாப்பா கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அந்தப் ‘போங்க’ கூடவே வந்தது.

கணவருக்கு அச்சகத்தில் காலை ஷிப்ட். மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். அவருக்கு அழுக்கு ஆகாது. சமையலறைத் துணி ஒரு நாளைக்கு மேல் தொங்கினால் தூக்கம் வராது. செருப்புகள் வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்க வேண்டும். இவள் வாசற்படியில் கால் வைத்தபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“கால்! கால்! கழுவிட்டு வா!”

அவள் கழுவப் போகவில்லை. உள்ளேயும் வரவில்லை. வாசற்படியிலேயே நின்று லேப்காரர் சொன்னதைச் சொன்னாள். பாப்பாவிடம் போய்க் கேட்டதையும் அவள் சொன்ன பதிலையும் சொன்னாள். “நம்ம பாப்பாவைப் போய்த் திருடி மாதிரி நிக்க வெச்சுட்டேங்க” என்றாள். அவர் நிமிரவே இல்லை. தேய்த்த சட்டைக் கையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது. கருகல் வாசனை வந்தது.

“பாப்பா இல்ல” என்றார்.

“பின்னே?”

“நான்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஃபிரிட்ஜைத் துடைச்சேன் இல்லையா? அந்த கவர் மேல தயிர் சிந்தியிருந்துச்சு. துடைச்சு வெக்கலாம்னு பிரிச்சேன், சத்தியமா அதுக்குத்தான் பிரிச்சேன். பார்த்தா பாட்டில்ல பச்சை. நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. மத்தியானம் அவ சாப்பிட வர்றா. புதன்கிழமை அவன் வர்றான். அந்தப் படகு இல்லைன்னா அவ எப்படி இருப்பான்னு உனக்கே தெரியும். கொட்டிட்டேன். கொட்டிட்டு, நல்லா அலசி, குழாய்த் தண்ணி பிடிச்சு...”

“அலசினீங்களா?”

“சோப்பு போட்டு.” அந்த நிலைமையிலும் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

“அந்தத் தண்ணியில குழந்தைங்க இறங்கும். தெரியுமா உங்களுக்கு? பலகை பச்சையா இருக்குன்னு நம்பி, வாயைத் திறந்துக்கிட்டுக் குதிக்கும்!”

“அதை யோசிக்கலை.” அவர் கருகிய சட்டைக் கையை மடித்து மறைத்தார். “பாப்பாவை மட்டும்தான் யோசிச்சேன்.”

அவளுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. சனிக்கிழமையே ஏன் தண்ணீர் எடுத்தாய் என்று யாராவது கேட்டால் அவளிடமும் இதே பதில்தான் இருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து பாப்பாவைக் காப்பாற்றப் போய், கடைசியில் பாப்பாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாகிவிட்டது. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றவளுக்கு, திட்டுகிற அவசரத்தில் காதில் விழுந்தும் உள்ளே போகாமல் நின்ற ஒரு வார்த்தை அப்போதுதான் உறைத்தது.

“பச்சை எங்க இருந்துச்சு?”

“பாட்டில்லதான்.”

“பாட்டில்ல எங்க? மேலயா, கீழயா?”

வாத்தியார் எழுப்பிவிட்ட பையன் மாதிரி அவர் விழித்தார். “கீழே. அடியில மெல்லிசா படிஞ்சிருந்துச்சு. மேல தெளிவாத்தான் இருந்துச்சு. நான்தான் என்னமோ ஏதோன்னு ஆட்டிப் பார்த்தேன். உடனே கலங்கிடுச்சு. அதுலதான் பயந்துட்டேன்.”

“நல்லா ஞாபகம் இருக்கா? மேல ஏடு மாதிரி, வளையம் மாதிரி எதுவும் இல்ல?”

“ஏடு இருந்தா நான் எடுத்துப் போட்டிருப்பேனே!”

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. அவர் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து, சேறு படாத இடமாகப் பார்த்துத் தோளைத் தொட்டார்.

ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அசைக்காமல் ஓர் இரவு வைத்தால், விஷப் பாசி தனக்குள் வைத்திருக்கும் காற்றால் மேலே ஏறி வந்து ஏடு கட்டும். சாதாரணப் பச்சைப் பாசி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மீனுக்கும் பூச்சிக்கும் அதுதான் சாப்பாடு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஜாம் பாட்டிலை வைத்து இதைக் காட்டியிருக்கிறாள். எல்லா விஷப் பாசியும் மேலே வராது, அதனால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றும் கூடவே சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொடுக்காமல் விட்டது சொந்த வீட்டில் ஒருவருக்குத்தான்.

“நல்ல சேதியைப் போய் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கீங்க.”

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “அப்ப ஏரி சரியாயிடுச்சா? நான் பாத்தேன்னு லேப்ல சொல்லிடேன்.”

“உங்க கண்ணை பாட்டில்ல போட்டு அனுப்ப முடியாதுங்க.”

“சரி, அனுப்ப வேணாம். அவரே பாசி இல்லைன்னு எழுதித் தர்றேன்னு சொல்றாரு. ஏரியிலயும் கெட்டது இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தானே வருது? எழுதச் சொல்லிடு. பாப்பாவுக்குப் படகாவது மிஞ்சும்.”

அதுதான் கஷ்டமாக இருந்தது. வெறும் பொய்யாக இருந்தால் உதறிவிட்டு எழுந்திருப்பாள். இது அநேகமாக உண்மையாக இருக்கப் போகிற பொய். போனைக் கையில் எடுத்து, மடியில் வைத்து, மறுபடி எடுத்தாள். அந்தப் பலகையைச் சுற்றி வேலி கிடையாது. காவலுக்கு ஆள் கிடையாது. சிவப்பு என்றால் யாரும் இறங்குவதில்லை, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள்கூட ஓடி வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகின்றன. துறையிடம் இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அது பாப்பா கொப்புளம் போட்டுக்கொண்டு நட்ட பலகை. தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை நம்பி அதைப் பச்சைக்குத் திருப்பினால், நாளைக்கு அது எந்த நிறத்தில் நின்றால்தான் என்ன?

லேப்காரரைக் கூப்பிட்டாள். “அண்ணா, அது ஏரி இல்லைன்னே எழுதிடுங்க.”

“அப்ப என்னதான் மேடம் அது?”

“எங்க வீட்டுக் குழாய்.”

அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு, பிறகு இருமல். “நல்ல குழாய் மேடம். தைரியமா குடிக்கலாம். சரி, அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். புதுசா எடுத்துட்டு வந்துடுங்க. நாளைக்குச் சாயங்காலம் சொல்லிடறேன்.”

அடுத்தது பெரிய அதிகாரி. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒரு ஃபைலைப் புரட்டுகிற நேரம் விடுவார்.

“வீட்டு ஃபிரிட்ஜ்லயா வெச்சீங்க?”

“ஆமா சார்.”

“ஃபிரிட்ஜ்ல எங்க?”

“தயிருக்குப் பக்கத்துல சார்.”

ஒரு ஃபைல் புரட்டுகிற நேரம். “என்ன நடந்துச்சுன்னு விளக்கம் எழுதிக் கொடுங்க. நடவடிக்கை இருக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.” இன்னொரு ஃபைல். “தயிரை எழுத வேண்டாம்.”

“சரி சார்.”

“ஆபீஸ் ஃபிரிட்ஜை மாத்தச் சொல்லி நீங்க எழுதினதெல்லாம் என் மேஜையிலதான் கிடக்கு. இன்னொண்ணு எழுதுங்க. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுடறேன்.”

வண்டி கேட்டாள். வண்டி வேறொரு ஏரிக்குப் போயிருந்தது.

ஏரிக்கரைக்குக் கணவரும் வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவர், பாப்பாவைக் கண்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

“பாப்பா, நான்தான்.”

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கையிலிருந்த காலி பாட்டிலையும் ஐஸ் பெட்டியையும் பார்த்தாள். அவர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

“சோப்பு போட்டியா?”

“போட்டேன்.”

“போடாம இருந்தாத்தான் ஆச்சரியம்.” உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“பாப்பா, நான் உன்கிட்ட வந்து அப்படிக் கேட்டிருக்கவே...” என்று பாசி மேடம் ஆரம்பித்தாள்.

“அதெல்லாம் அப்புறம் அண்ணி. உங்களைச் சும்மா விடப் போறதில்ல. கேக்கறதுக்கு நிறைய இருக்கு, உக்காந்து கேப்பேன். இப்ப ஒரு கை பிடிங்க, இதைத் திருப்பலாம்.”

பெயிண்ட் காயாத படகை விட்டுவிட்டு அடுத்ததைத் திருப்பினார்கள். அண்ணனும் ஒரு கை கொடுத்தார். ஏறப் போனவரை பாப்பா துடுப்பை நீட்டித் தடுத்தாள். “நீ கரையிலயே நில்லு. தண்ணிப் பக்கம் வராதே.” அவர் மறுபேச்சு இல்லாமல் கவிழ்ந்த படகு ஒன்றின் மேல் உட்காரப் போனார். “அது பெயிண்ட்!” என்று இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கத்தினார்கள். அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

ஏரிக்குள் கொஞ்ச தூரம் போகும்வரை துடுப்புச் சத்தம் மட்டும்தான். பாசி மொய்த்திருந்த வாரங்களில் இந்தப் பக்கம் வந்தால் துடுப்பு கஞ்சியைக் கிண்டுகிற மாதிரி கனத்தது. அழுகின புல் நாற்றத்துக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இப்போது துடுப்பு நுனியிலிருந்து சொட்டுகள் தனித்தனியாக விழுந்தன. தண்ணீரில் லேசாகப் பச்சை இருக்கத்தான் செய்தது.

“அடியில படிஞ்சிருந்துச்சாம்” என்றாள் பாசி மேடம். “உங்க அண்ணன் பார்த்திருக்காரு. மேல ஏடு இல்லையாம்.”

பாப்பாவுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஜாம் பாட்டிலை இந்தக் கரையில் முதலில் வைத்துப் பார்த்தவள் அவள்தான். துடுப்பு இரண்டு தரம் போய் வந்தது.

“அப்படின்னா?”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா?”

“இருக்கலாம்னா இருக்கலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாதீங்க. எனக்கு ‘லாம்’ வேண்டாம். லேப்காரரு எண்ணிச் சொல்லட்டும்.” பாப்பா படகை நிறுத்தினாள். “எடுங்க. நான் பாக்கறேன்.”

பாசி மேடம் குனிந்து பாட்டிலைக் கவிழ்த்து இறக்கினாள். முழங்கை வரை குளிர்ந்தது. பாட்டில் நிறைந்து வெளியே வந்ததும் பாப்பா கையை நீட்டினாள். மூடியைத் தானே திருகினாள். அது போதாது என்று மறுபடி திருகினாள். ஐஸுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

“நான் போயிட்டு வந்துடறேன். நீ கடையைப் பாரு” என்றாள் பாசி மேடம் கரையேறியதும்.

“எந்தக் கடையை? நானும் வர்றேன். இது லேப்புக்குள்ள போற வரைக்கும் என் கையிலதான் இருக்கும். உங்க குடும்பத்தை நம்ப முடியாது.”

“உன் குடும்பமும்தான் அது.”

“அதனாலதான் சொல்றேன்.”

பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“பெட்டியில என்ன, மீனா?”

“ஏரி” என்றாள் பாப்பா.

“அப்ப டிக்கெட் ரெண்டா, மூணா?”

“மடியில வெச்சிருக்கறதுக்கெல்லாம் டிக்கெட் இல்லைங்க” என்று பாசி மேடம் இரண்டு வாங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

பஸ் கிளம்பியதும் பாப்பா ஒரு கையால் போனை எடுத்தாள். “ஆமாங்க, படகுதான். நாளைக்குக் காலையில வர வேண்டாம், சாயங்காலமா வாங்க... இல்லைங்க, மனசெல்லாம் மாறலை. மனசே இன்னும் வரலை, அப்புறம் எங்க மாறறது? சாயங்காலம் எனக்கு ஒரு பதில் வர வேண்டியிருக்கு. அது என்னவா இருந்தாலும் உங்ககிட்ட அப்படியே சொல்றேன். அதுக்கப்புறம் நாம பேசலாம்... இல்ல, வாங்க. வந்து ஏரியையும்தான் ஒரு தடவை பாத்துட்டுப் போங்களேன்.”

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். கேட்கப் போவதாகச் சொன்னதையெல்லாம் அவள் கேட்கட்டும், அதற்கு நேரம் இருக்கிறது, கேட்பதற்கு உட்காருகிறேன் என்று சொன்னாளே, பாசி மேடத்துக்கு அது போதும் என்றிருந்தது.

ரோடு தோண்டிப் போட்ட இடம் வந்தது. பஸ் குலுங்கிய அந்த நிமிஷத்தில் பாப்பா இரண்டு உள்ளங்கையையும் பெட்டிக்கு அடியில் கொடுத்து, மடியிலிருந்து அதை லேசாகத் தூக்கிப் பிடித்தாள். குலுங்கல் நின்றதும் மெதுவாக இறக்கினாள்.

“ஆடினா ஒண்ணும் ஆகாது பாப்பா. லேப்காரரே நல்லா குலுக்கிட்டுத்தான் பார்ப்பாரு.”

“தெரியும்.”

அடுத்த குழி தூரத்திலேயே தெரிந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பாப்பா மறுபடியும் பெட்டியைத் தூக்கினாள். இந்த முறை அதன் இன்னொரு மூலைக்கு அடியில், நகக்கண்ணில் ஓடைச் சேறு காய்ந்திருந்த ஒரு கையும் வந்து தாங்கியது. பாப்பா அதைத் தள்ளிவிடவில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. மற்றவர்கள் எல்லோரும் ஆடினார்கள். பெட்டி மட்டும் ஆடாமல் நின்றது.